சிரிப்புப் பாட்டு

அத்தியாயம் 14

புளியமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் காலை ஆறு மணிக்கே தொண்டையைச் செருமிக்கொண்டது. முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு. அடுத்து ஒரு முருகன் பாட்டு. மூன்றாவதாக அந்த இந்திப் பாட்டு.

சாரதாமணி வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் மணைமேல் உட்கார்ந்திருந்தாள். அத்தைமார் இருவர் அவள் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பியானோ துள்ளிக்கொண்டு வந்தது. கைதட்டல் வந்தது. ஓர் ஆண் குரல் குழைந்து பாடி, நடுவில் நிறுத்தி, வாய்விட்டுச் சிரித்தது.

"அட, பாட்டுக்குள்ளயே சிரிக்கறானே!" என்று ஓர் அத்தை தானும் சிரித்தாள்.

"நெம்ப சந்தோசமான பாட்டாட்ட இருக்குது."

"பின்னே? கல்யாண ஊட்டுல அழுகற பாட்டா போடுவாங்க?"

சாரதாவின் வயிற்றில் ஏதோ புரண்டது. எண்ணெய் வாடையால் அல்ல. அந்த வீட்டில், அந்த ஊரில், வாய்க்காலின் இரண்டு கரையிலும் அந்தப் பாட்டின் பொருள் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் அதைப் போடச் சொன்னவன்.

நேற்றோடு முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள். அவர்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முறை உள்ள மாமன் மகன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால், கல்யாணத்துக்கு முன் அவன் வீட்டுக்குப் போய் வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும். அவன் ஒரு வெற்றிலையை எடுத்து மென்றுவிட்டால் மனத்தாங்கல் இல்லை என்று பொருள். எடுக்காவிட்டால் பந்தலில் பேச்சு வரும். அவளுடைய அப்பா சென்னியப்பன் நேற்றுத் தட்டோடு பயந்துகொண்டேதான் போனார்.

மாமன் மகன் கைலாசமோ ஒன்றுக்கு மூன்று வெற்றிலை எடுத்தான். மென்றான். சிரித்தான்.

"எனக்கு என்னுங் மாமா வருத்தம்? சாரதா நல்லா இருந்தாச் சரி. ரேடியோ செட்டு என்ற சீருங்க. பாட்டெல்லாம் நானே பொறுக்கிப் போடறேன்."

ஊரே உருகிவிட்டது. பெண் கிடைக்காதவன் பாட்டு வைக்கிறானாம். தங்கமான மனசாம்.

தங்கமான மனசு இப்போது புளியமரத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தது.

வாழ்த்துகிறேன் பெண்ணே, உன் கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறதா? அதை அரைத்த கல் என் நெஞ்சுதான்.

பாட்டு முடிந்தது. வெளியே யாரோ கத்தினார்கள். "சின்னண்ணா! அந்தச் சிரிப்புப் பாட்டை இன்னொருக்காப் போடப்பா!"

ரேடியோ செட் சின்னண்ணனுக்குக் கேட்க வேண்டுமா? போட்டான்.

* * *

காலைப் பலகாரம் வந்தது. இட்லியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏஞ்சாமி, ஒரு வாயாவது தின்னு" என்றாள் அம்மா செல்லாயி.

"எறங்க மாட்டேங்குதும்மா. கொமட்டுது."

"கல்யாணப் பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கும்."

அப்படி இருக்கவில்லை. மாப்பிள்ளை குமாரசாமியை நினைத்தால் குமட்டவில்லை. இரண்டே முறை பார்த்திருக்கிறாள். இரண்டாம் முறை, அலமாரியிலிருந்த அவளுடைய புத்தகங்களைப் பார்த்து, "இதுல எதை மொதல்ல படிக்கணும்?" என்று கேட்டவன். அப்படிக் கேட்ட ஒருவனோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் ரயிலேறலாம் என்று அன்றே அவளுக்குத் தோன்றிவிட்டது.

குமட்டியது அந்தக் குரலை நினைத்துத்தான். அதைவிட, அதே குரலை ஒரு காலத்தில் தலையணைக்குள் வைத்துக் கேட்டதை நினைத்து.

அவளுக்குப் பதினாறு வயதில் கைலாசம் பம்பாயிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்து கொடுத்தான். பம்பாய் லைனில் லாரி ஓட்டினான். சினிமாப் பாட்டு அவனுக்கு மூச்சு. கட்டிக்கப் போறவளுக்கு இந்தி தெரிய வேண்டாமா என்று அவன்தான் கேட்டான். அவளும் பரமத்தியில் ஒரு டீச்சரிடம் சனி, ஞாயிறு போய்ப் படித்தாள். இந்தியை எதிர்த்து ஊர் ஊராகக் கொடி பிடித்துச் சில வருடம்தான் ஆகியிருந்தது. "உனக்கு எதுக்குடி அது?" என்று பஸ்ஸில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான்கு பரீட்சை பாஸ் செய்தாள். அவனுக்காகச் செய்தாள்.

அவளுக்கு இருபது வயதானபோது அவன் ராசிபுரத்துப் பக்கம் போனான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்த ஒரு பெரிய வீட்டில் பெண் பார்த்தான், வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்துகொண்டான். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிணற்றடியில் துணி துவைத்த பெண்கள் பேசிக்கொண்டதுதான் அவளுக்கு வந்த சேதி.

அந்த ஒரு வருடம் முழுக்க அவள் கேட்டது இந்தப் பாட்டைத்தான். டிரான்சிஸ்டரில் எப்போதாவது வரும். வந்தால் சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்து அழுவாள். பாடியது ஆணாக இருந்தால் என்ன? பாட்டில் கொளுத்தப்படும் கூரை அவளுடையதாகத்தான் இருந்தது.

ரிக் வண்டிக்காரர்கள் கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவன் போன தை மாதம் திரும்பி வந்தான். நேற்றுத்தான் எழுந்து போனவன் போலத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "முறை இருக்குதல்லொ?" என்றான். அவள் முடியாது என்றாள். வாசகர்களுக்கு அந்த மாலை நினைவிருக்கும்.

இப்போது அவன் பாடுகிறான். அவளுடைய அழுகையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு.

பரமத்தி நூலகத்திலிருந்து அவள் எடுத்து வரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் காதலில் தோற்றவர்கள் பனிக்காட்டுக்குள் நடந்து போனார்கள். போருக்குப் போனார்கள். சிலர் மிக நீளமான கடிதம் எழுதினார்கள். ஒருவரும் ரேடியோ செட் அமர்த்தவில்லை.

* * *

பத்து மணிக்குள் அந்தப் பாட்டு ஐந்து முறை ஓடிவிட்டது. சமையல்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டே பூசணிக்காய் நறுக்கினார்கள். சிரிக்கும் இடம் வந்தால் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சாரதா அப்பாவைக் கூப்பிட்டு விட்டாள். சென்னியப்பன் வியர்த்துப்போய் உள்ளே வந்தார்.

"அப்பா, அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க."

"ஏங்கண்ணு? எல்லாரும் நல்லாருக்குதுங்கறாங்க."

அவள் சொன்னாள். மருதாணி, நெஞ்சு, கூரை எல்லாம் சொன்னாள். அவர் துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

"சரி, இருந்துட்டுப் போகுது. இங்க யாருக்குப் புரியுது? நாய் கொலைச்சாப்பல நெனச்சுக்க."

"மாப்பிள்ளையோட அக்கா நாக்பூர்ல பன்னெண்டு வருசம் இருந்தவங்கப்பா. மாப்பிள்ளையும் அவங்க ஊட்டுல தங்கித்தான் லாரி ஆபீசு பார்த்தாரு. கடைசி அடியைக் கேட்டா என்னன்னு நெனைப்பாங்க?"

"கடைசி அடி என்ன?"

"அதை உங்ககிட்ட என்ற வாயால சொல்ல முடியாதுப்பா."

சென்னியப்பனின் முகம் வெளுத்தது. அந்த அக்காவின் பெயர் சௌந்திரம். இணைச்சீர்ச் சடங்கில் கூறைச்சேலையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவள் அவள்தான். அவள் ஏந்தாத சேலையைப் பெண் கட்ட முடியாது. அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றால் நாளைக்கு முகூர்த்தம் இல்லை.

அவர் போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். போனபோது இருந்ததைவிடச் சிறுத்திருந்தார்.

"கேட்டேன். 'இது வாழ்த்துப் பாட்டுங் மாமா, சந்தேகமிருந்தா யாரையாவது கேளுங்க'ங்கறான். சிரிக்கறான். செட்டை வேண்டாங்கறதுன்னா சொல்லுங்க, நாங்களும் கெளம்பறோங்கறான்."

"கெளம்பட்டுமே."

"அவங்கய்யன் கெளம்புனா?" அப்பாவின் குரல் இறங்கியது. "உனக்குப் பட்டம் கட்டறது யாரு?"

கைலாசத்தின் அப்பா தங்கசாமி. செல்லாயியின் உடன்பிறந்த அண்ணன், சாரதாவின் ஒரே தாய்மாமன். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் பந்தலுக்குள் கால் வைக்க முடியாது. ஒரு பக்கம் சேலை. மறு பக்கம் பட்டம். நடுவில் ஓர் இசைத்தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

"பொறுத்துக்க சாமி. ஒரு நாள்தான" என்றார் அப்பா. அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார்.

* * *

சமையல் கொட்டகைக்குப் பின்னால் மோர்ப் பானை வைத்திருந்தார்கள். மத்தியானம் கைலாசம் அங்கே தனியாக வந்தான். சாரதா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு எதிரே போய் நின்றாள்.

வெள்ளை டெர்லின் சட்டை. நெற்றியில் சுருட்டிவிட்ட முடி. பம்பாய் அத்தர் வாடை மோரின் புளிப்பையும் தாண்டி வந்தது. இந்த வாடை பட்ட ஒரு கைக்குட்டையை அவள் இரண்டு வருடம் பெட்டிக்கடியில் வைத்திருந்தாள். அந்தப் பெட்டியையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

"மச்சான், அந்தத் தட்டை எடுத்துருங்க."

"எந்தத் தட்டுங்க அம்மிணி?" அவன் டம்ளரை நிதானமாகக் கழுவினான்.

"உங்களுக்குத் தெரியும்."

"வாழ்த்தறது தப்பா? வெத்தலை எடுத்தனா இல்லையா? ஒரு வார்த்தை தப்பாப் பேசுனனா? யாரையாவது கேட்டுப் பாரு. கைலாசம் மாதிரி உண்டான்னுதான் சொல்லுவாங்க."

"நீங்க பேசலை. பாட்டை விட்டுப் பேச வைக்கறீங்க."

"எம்மனசு வெந்து கெடக்குது சாரதா. அதுக்குப் பாட்டுத்தான் மருந்து."

"உங்க மனசு எப்பங்க வெந்துச்சு? ராசிபுரத்துக்குப் போறப்பவா, திரும்பி வரப்பவா?"

அவன் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான். கண்ணில் ஈரம்கூட வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று புரிந்தது. அவன் நடிக்கவில்லை. பாட்டைக் கேட்டுக் கேட்டு, தானே ஏமாற்றப்பட்டவன் என்று நம்பிவிட்டான். பொய்யைவிட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்து அழுகிற ஆள்.

"உங்களைப் பார்த்தா எனக்குக் கோவங்கூட வரலீங்க மச்சான். ஊசிப்போன சோத்தை மோந்து பார்த்தாப்பல இருக்குது."

அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு பழையபடி சிரிப்பு வந்தது.

"நாக்பூரு அக்காவுக்குப் பழைய பாட்டுன்னா உசுராமா. கேள்விப்பட்டேன். அவங்க வந்து எறங்கறப்ப நல்ல பாட்டாப் போடோணும். குழாயைக்கூட வாய்க்கால் ரோட்டைப் பார்த்துத்தான் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கறேன். தூரத்துல வாரப்பவே கேக்குமல்லொ?"

அவன் போய்விட்டான். அத்தர் வாடை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. சாரதா கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். வெறும் வயிறு. ஒன்றும் வரவில்லை.

* * *

மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குச் சில நிமிடம் முன்பு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை கார் ராகுகாலம் கழிந்து நாலரைக்கு மேல் வரும் என்றார்கள். செல்லாயி ஆரத்தித் தட்டோடு முன்னே போனாள்.

கைலாசம் கையை உயர்த்தினான். சின்னண்ணன் ஊசியை வைத்தான்.

சாரதா ஆசாரத்து ஜன்னலில் நின்று பார்த்தாள். சௌந்திரம் நல்ல உயரம். இடுப்பில் ஒரு மூங்கில் கூடை. அதில் மஞ்சள் துணி மூடிய கூறைச்சேலை. பஸ்ஸின் கடைசிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்தபோது பியானோ துள்ளியது.

முதலில் அவள் முகம் மலர்ந்தது. வேற்றூரில் தெரிந்தவரைப் பார்த்தது போல. பிறகு அவள் கல்யாணப் பந்தலைப் பார்த்தாள். வாழை மரத்தைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். மலர்ச்சி மெல்ல வடிந்தது.

கூட்டம் சிரிக்கும் இடத்தில் சிரித்தது.

"இந்தப் பாட்டை யாரு போடச் சொன்னது?" என்றாள் சௌந்திரம். ஆரத்தி சுற்ற வந்த செல்லாயியின் கை அப்படியே நின்றது.

கைலாசம் கும்பிட்டபடி முன்னே வந்தான். "நானுங்க்கா. பொண்ணோட மாமன் மகன். சாரதாவுக்கு நெம்பப் பிடிச்ச பாட்டுங்க. ஒரு காலத்துல ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம்."

சௌந்திரம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு பெண்களின் கண்களும் சந்தித்தன. கூடையை ஏந்தியிருந்த கை, அதை உடம்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டது.

சாரதாவுக்குத் தெரிந்தது. இன்னும் ஓர் அடி. கடைசி அடி வந்துவிட்டால் அந்தக் கூடை பஸ்ஸுக்குள் திரும்பி ஏறிவிடும். யாரும் சண்டை போட மாட்டார்கள். "நாள் சரியில்லீங்க, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் என்ன சொன்னாலும் அதன் பிறகு அது சமாளிப்பாகத்தான் இருக்கும்.

மஞ்சள் காய்ந்த முகத்தோடு அவள் வெளியே வந்தாள். வெறுங்காலோடு வாசலைத் தாண்டி, ரேடியோ செட்டை நோக்கி நடந்தாள்.

"அம்மிணி, எங்க போற? நீ இப்ப வெளிய வரக்கூடாது!" என்று ஓர் அத்தை முந்தானையைப் பிடித்தாள். முந்தானை அவள் கையோடு கொஞ்ச தூரம் வந்து விடுபட்டது.

சின்னண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். சாரதா ஊசியைத் தூக்கினாள். குழாயில் ஒரு கீறல் சத்தம் வாய்க்கால் வரைக்கும் போனது.

"மைக்கைப் போடுங்கண்ணா."

"எதுக்குங்க அம்மிணி?"

"எல்லாருக்கும் பிடிச்ச பாட்டாச்சே. அர்த்தம் தெரிய வேண்டாமா?"

அவன் கைலாசத்தைப் பார்த்தான். கைலாசம் எதுவும் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே மைக்கை எடுத்துப் பொத்தானைத் தள்ளினாள். அவளுடைய மூச்சு புளியமரத்திலிருந்து கேட்டது. ஊசியை ஆரம்பத்தில் வைத்தாள். ஓர் அடி ஓடியதும் தூக்கினாள்.

"வாழ்த்துகிறேன் பெண்ணே. உன் கையில மருதாணி நல்லாச் செவந்துருக்குதா? அதை அரைச்ச கல்லு என் நெஞ்சுதான்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

ஊசி இறங்கியது. ஏறியது.

"உன் பந்தல்ல வெளிச்சம் பத்தலீன்னா சொல்லியனுப்பு. என் கூரையில இன்னும் கொளுத்தாத ஓலை மிச்சமிருக்குது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்த எடத்துலதான் அவன் சிரிக்கறான். காலையிலிருந்து நீங்களும் இந்த எடத்துலதான் சிரிக்கறீங்க."

காலையில் எண்ணெய் தேய்த்த அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். சமையல் கொட்டகையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"கடைசி அடி. உன் புது மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லு. நீ அவனுக்குக் குடுக்கற சத்தியமெல்லாம் புதுசான்னு பார்த்து வாங்கிக்கச் சொல்லு. எனக்கு நீ குடுத்தது போன வருசந்தான்."

செல்லாயியின் கையிலிருந்த ஆரத்தித் தட்டு சாய்ந்து, சிவப்பு நீர் விளிம்பில் வழிந்தது.

"சாரதா! போதும், உள்ள போ!" சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"போறேம்ப்பா. இன்னும் ரெண்டே வார்த்தை." அவள் மைக்கை வாயருகே இழுத்தாள். "இது எனக்குப் பிடிச்ச பாட்டுத்தான். மச்சான் சொன்னது மெய். இவரு ராசிபுரத்துல வெத்தலை மாத்துன வருசம் இதைக் கேட்டுட்டு ஒரு வருசம் அழுதேன். இதைப் பாடோணும்னா நான் பாடியிருக்கோணும். இவரு வாசல்ல வந்து குழாய் கட்டிப் பாடியிருக்கோணும். நான் பாடலீங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான் ஒருத்தரு கூரையையும் கொளுத்தலை. ஒருத்தருக்குக் குடுத்த சத்தியத்தை இன்னொருத்தருக்குக் குடுக்கலை."

தட்டைக் கழற்றினாள். அருகில் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த வெற்றிலைத் தாம்பாளத்தில் அதை வைத்தாள். வெற்றிலைமேல் கறுப்பாக அது பளபளத்தது. கைலாசத்திடம் கொண்டுபோய் ஒற்றைக் கையால் நீட்டினாள்.

"உங்க சீருங்க மச்சான். நேத்து நீங்க எடுத்துக்கிட்டீங்க. இன்னைக்கும் எடுத்துக்கோங்க."

கைலாசம் சுற்றிலும் பார்த்தான். காலையிலிருந்து அவனைத் தங்கம் என்ற முகங்கள் எல்லாம் வேறு எங்கோ பார்த்தன. இந்திக்குப் பின்னால் அவனுக்கு எவ்வளவோ இடம் இருந்தது. தமிழுக்குப் பின்னால் நிற்க ஓர் அடி இடம் இல்லை.

"பாட்டைப் போயிப் பெருசு பண்ணறாளே..." என்று முனகினான்.

பந்தல் ஓரத்தில் நாற்காலியில் இருந்த தங்கசாமி எழுந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். அந்தச் சிரிப்புக்கு அவரும் நான்கைந்து முறை சிரித்திருந்தார். மகன் அருகில் வந்து நின்றார்.

"நேத்து மூணு வெத்தலை எடுத்தயல்லொ? அதை மென்னு எங்க துப்புனயோ, அங்க போயி நில்லு. இங்க நிக்காதே." பிறகு தங்கையைப் பார்த்து, "செல்லாயி, பட்டம் நான் கட்டறேன். பொண்ணை உள்ள கூட்டிட்டுப் போ" என்றார்.

கைலாசம் தாம்பாளத்திலிருந்து தட்டை எடுத்துக்கொண்டான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் வாய்க்கால் பக்கம் நடந்தபோது அந்த அத்தர் வாடையும் கூடவே போனது.

பட்டம் சரி. சேலை?

சௌந்திரம் கூடையை இன்னும் இறக்கவில்லை. மெல்ல நடந்து சாரதாவின் எதிரே வந்தாள். மஞ்சள் காய்ந்து வெடித்திருந்த அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இந்தி படிச்சிருக்கற" என்றாள். "கூட்டத்துக்கு முன்னால சொன்னே. என்ற தம்பிகிட்டச் சொல்லியிருக்கறயா?"

"இல்லீங்க்கா."

"ஏன்?"

"கேக்கலீங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்காமயே சொல்லியிருக்கோணும். அது என்ற தப்புத்தான்."

"அழுததையும் சொல்லியிருப்பயா?"

"அதையும்."

"நான் நாக்பூர்ல இருந்தப்ப இந்தப் பாட்டைப் பாத்திரம் வெளக்கீட்டே பாடுவேன். யாரைத் திட்டறான்னு ஒரு நாளும் நெனைச்சுப் பார்த்ததில்லை" என்றாள் சௌந்திரம். கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "இதை இங்க எறக்கறதா, திருப்பி எடுத்துட்டுப் போறதான்னு நான் மட்டும் சொல்ல முடியாது சாமி. கட்டிக்கப் போறவன் சொல்லோணும். அவன் வரட்டும்."

"அம்மிணி..." சின்னண்ணன் பின்னாலிருந்து தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான். "மைக்கு... இன்னும் ஓடீட்டு இருக்குதுங்க."

சாரதா கையைப் பார்த்தாள். மைக்கை அவள் கீழே வைக்கவே இல்லை. சௌந்திரம் கேட்டதும், அவள் சொன்னதும், எல்லாமே புளியமரம் ஏறிப் போயிருக்கிறது. பொத்தானைத் தள்ளி நிறுத்தினாள்.

அப்போது பஸ் டிரைவர் வாசலுக்கு வந்தார். "மாப்பிள்ளை கார் அப்பவே வந்துருச்சுங்க. ராகுகாலம் கழியட்டும்னு வாய்க்கால் மேட்டுப் புங்கமரத்தடியில நிறுத்தியிருக்கறாங்க. எங்க பின்னாலயேதான் வந்தாங்க."

எல்லாருடைய தலையும் முதலில் குழாயைப் பார்த்தது. அது வாய்க்கால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைலாசம் திருப்பிக் கட்டச் சொன்ன அதே பக்கம். பிறகு எல்லாத் தலையும் மேட்டைப் பார்த்தது.

தூரத்தில் கறுப்பு அம்பாசிடரின் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி ஒன்று இறங்கியது. யாரோ உள்ளிருந்து கையை நீட்டித் தடுத்தார்கள். ராகுகாலம், போகாதே என்றிருக்கலாம். அந்த உருவம் கையை விலக்கிவிட்டு ரோட்டின் நடுவில் வந்து நின்றது. எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. வெயில் கானலாக நெளிந்துகொண்டிருந்தது.

"சாமி, உள்ள வந்துரு" என்று செல்லாயி மகளின் தோளைத் தொட்டாள். அவள் கையில் ஆரத்தியின் ஈரம் இன்னும் காயவில்லை.

சாரதா மேட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்து வயிற்றில் புரண்டுகொண்டிருந்தது எதுவோ, அது இப்போது இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. சமையல் கொட்டகையிலிருந்து பூசணிக்காய்க் குழம்பின் வாசம் வந்தது.

"அம்மா" என்றாள். "பசிக்குது. எதாச்சும் இருந்தா இங்கயே கொண்டா. நின்னுட்டே தின்னுக்கறேன்."